மூடியைத் திறக்க முதல் ஒரு கேள்வி



போன எபிசோட்டில் மொனிட்டரிங் பற்றிக் கதைத்தோம். டாஷ்போர்ட், அலர்ட், லாக் என்று ஒரு மணித்தியாலம் ஓடியது. முடிகிற நேரத்தில் நான் வாய் தவறி, "இதை எனக்கு ஒழுங்காப் படிப்பிச்சது வேலை இல்லை, ஒரு வாளி பியர்" என்று சொல்லிவிட்டேன். விளக்க நேரம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மெயில்களில் மொனிட்டரிங் பற்றிக் கேட்டவர்களை விட வாளியைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். சரி, வாளியின் கதையையே எழுதுகிறேன். குடிக்காதவர்களும் வாசிக்கலாம். தயிர், தோசை மா, ஊறுகாய் செய்கிற வீட்டில் வளர்ந்த எவருக்கும் இது பிடிபடும்.

20 லீட்டர், 7 தரம்

ஜூலை 1ஐ நாட்காட்டி கனடா தினம் என்று சொல்லும். மொன்றியலில் அது வீடு மாறுகிற நாள். பாதி ஊர் குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிப்படியில் இறங்கும், மற்றப் பாதி ஏறும். தூக்க வருகிற நண்பர்களுக்குக் கூலி பீட்சாவும் பியரும். போன வருடம் என் நண்பன் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து வில்லரேக்கு மாறினான். மூன்றாம் மாடி. "பியர் என்ர பொறுப்பு" என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

மே கடைசியில் 20 லீட்டர் பேல் ஏல் காய்ச்சினேன். மோல்ட்டைச் சுடுநீரில் ஊறவைத்து, வடித்து, ஹொப்ஸ் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, வாளியில் ஊற்றி, ஈஸ்ட் போட்டு மூட ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: ஒன்றும் செய்யாமல் இருக்கிறது. அதுதான் எனக்கு வரவில்லை.

இரண்டாம் நாள் திறந்தேன், நுரை வந்துவிட்டதா என்று பார்க்க. நாலாம் நாள் திறந்தேன், கிராவிட்டி அளக்க. ஆறாம் நாள் தங்கச்சி வந்தாள், அவளுக்குக் காட்டத் திறந்தேன். அப்படியே மூன்று கிழமைக்குள் 7 தரம். ஒவ்வொரு தரமும் 150 மில்லிலீட்டர் எடுத்து ஹைட்ரோமீட்டர் மிதக்கவிட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வீணாகக் கூடாது என்று அதைத் திருப்பி வாளிக்குள்ளேயே ஊற்றினேன். இந்தக் கடைசி வசனத்தை வாசிக்கும்போது ஹோம்ப்ரூ தெரிந்தவர்கள் தலையில் கைவைத்திருப்பீர்கள்.

இருபதாம் நாள் மேலே வெள்ளைப் படலம். தயிரும் பழைய காட்போர்ட் பெட்டியும் கலந்த மாதிரி ஒரு மணம். 20 லீட்டரும் குளியல் தொட்டிக்குள்ளே போனது. ஜூலை 1 அன்று மூலையில் இருக்கிற டெப்பனரில் பியர் வாங்கிக்கொண்டு போனேன். அவன் இன்றைக்கு வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

அம்மா குடிக்கு எதிரி. வாளியைக் கண்டாலே முகத்தைத் திருப்புவா. ஆனால் நான் நடந்ததைச் சொன்னதும் ஒரு நிமிடத்தில் காரணத்தைப் பிடித்துவிட்டா. "தேசிக்காய் ஊறுகாய்க்குள்ள ஈரக்கரண்டி போடாதை, சும்மா சும்மா திறக்காதை எண்டு சின்னனிலயிருந்து எத்தினை தரம் சொன்னனான்? பூஞ்சணம் பிடிக்கத்தானே செய்யும். அதே கதைதான் இதுவும்."

அதே கதைதான். ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பதில் வந்தால் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று தெரியாவிட்டால், சாம்பிள் எடுக்காதீர்கள். ஆவலுக்காக மூடியைத் திறப்பது அளவெடுப்பு இல்லை, தலையீடு.

உள்ளே என்னதான் போகுது?

கொதித்த வோர்ட்டில் கிட்டத்தட்ட ஒன்றும் உயிரோடு இல்லை. அது 20 டிகிரிக்கு ஆறியதும் சீனி நிறைந்த வெதுவெதுப்பான தண்ணீர். யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு விருந்து. ஈஸ்ட் ஊன்றிக்கொள்ளும் அந்த முதல் ஒன்றிரண்டு நாள்தான் மிக ஆபத்தான நேரம். நான் "தொடங்கிவிட்டதா" என்று திறந்து பார்த்தது சரியாக அப்போதுதான்.

ஈஸ்ட் பிடித்த பிறகு நிலைமை மாறும். பிஎச் 5க்கு மேலே இருந்தது 4 பக்கம் இறங்கும். அல்ககோல் ஏறும், ஒக்சிஜன் முடிந்துவிடும், ஹொப்ஸின் கசப்பும் சில பக்டீரியாக்களைத் தடுக்கும். அதனால் மனிதரை நோயாக்கும் கிருமிகள் பியரில் வாழ்வது கஷ்டம். கெட்டுப்போன பியர் பெரும்பாலும் வயிற்றைக் கெடுக்காது, மனதைத்தான் கெடுக்கும். ஆனால் லக்டோபாசிலஸ், பீடியோகொக்கஸ், காட்டு ஈஸ்ட் போன்றவை இந்த நிலைமையிலும் தாக்குப்பிடிக்கும். வினாகிரி செய்கிற அசெட்டோபாக்டர் காற்று கிடைத்தால் போதும் என்று காத்திருக்கும்.

இது வீட்டு வாளிக்கு மட்டும் வருகிற பிரச்சினை இல்லை. 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் பியரே காட்டு ஈஸ்ட் புகுந்து கெட்டது. அங்கே ஆய்வுகூடத்தில் இருந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் கலத்தில் இருந்து தூய வளர்ப்பை எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஆலை முதலாளி ஜேக்கப்சன் அந்த முறையையும் ஈஸ்ட்டையும் பூட்டி வைக்கவில்லை, மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார். ஓபன் சோர்ஸ் என்ற சொல் பிறக்க நூறு வருடத்துக்கு முதல்.

கிருமியை விட்டாலும் காற்று இருக்கு. இதை ஒரு சின்னக் கணக்காகப் பார்ப்போம். வாளியின் அடியில் இருக்கும் குழாயால் 150 மில்லிலீட்டர் பியர் எடுத்தால், அந்த இடத்தை நிரப்ப 150 மில்லிலீட்டர் காற்று ஏர்லாக் வழியாக உள்ளே வரும். காற்றில் ஒக்சிஜன் 21 சதவீதம். ஆக ஏறத்தாழ 31 மில்லிலீட்டர், எடையில் 40 மில்லிகிராம். அது முழுக்க 20 லீட்டரில் கரைந்தால் லீட்டருக்கு 2 மில்லிகிராம். நல்ல ஆலைகள் போத்தலில் அடைக்கும் பியரில் லீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருக்கப் பாடுபடுகின்றன. அதை விட 20 மடங்கு, ஒரே ஒரு சாம்பிளில்.

உண்மையில் முழுவதும் கரையாது. ஈஸ்ட் மும்முரமாக வேலை செய்யும் நாட்களில் வருகிற ஒக்சிஜனை அதுவே தின்றுவிடும். ஆனால் வேலை முடிந்து ஈஸ்ட் படுத்த பிறகு வருகிற ஒக்சிஜன் பியரைத்தான் தின்னும். காட்போர்ட் மணம் அங்கே இருந்துதான். மூடியையே கழற்றினால் கணக்கு இன்னும் மோசம். "மேலே சிஓ2 போர்வை இருக்கு, பயப்படாதே" என்று சிலர் சொல்வார்கள். வாயுக்கள் போர்வை மாதிரிப் படுத்திருக்காது. மூடி திறந்து கையசைந்தாலே கலந்துவிடும்.

"எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே"

இதுதான் எனக்கு வரப்போகிற முதல் மறுப்பு. "மச்சான், நான் 5 வருசமாத் திறந்து திறந்து பாக்கிறன். ஒரு வாளியும் பழுதாகேல்லை." நம்புகிறேன். ஒரு தரம் திறந்தால் கெடும் வாய்ப்பு சின்னதுதான். சும்மா ஒரு பேச்சுக்கு 2 சதவீதம் என்று வைப்போம். 7 தரம் திறந்தால் அது 13 சதவீதம். ஏழெட்டு வாளிக்கு ஒன்று. அந்த ஒன்று வரும்வரைக்கும் நீங்கள் சொல்வதுதான் சரி. இது சீட்பெல்ட் போடாதவர் சொல்கிற அதே நியாயம்.

இரண்டாவது மறுப்பு இதை விடப் பலமானது, அதை நான் முழுதாக ஒத்துக்கொள்கிறேன். அளக்காமல் இருப்பதும் ஆபத்து. எனக்குத் தெரிந்த ஒருவன் என் கதையைக் கேட்டுவிட்டு மறுபக்கம் போனான். ரெசிப்பியில் 14 நாள் என்று இருந்தது. 14ஆம் நாள், ஒரு தரமும் அளக்காமல், போத்தலில் அடைத்துவிட்டான். மூன்று கிழமை கழித்து ஒரு இரவு அலுமாரிக்குள்ளே ஒரு போத்தல் வெடித்தது. அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு. குளிர்கால ஜாக்கெட்டில் கண்ணாடித் துண்டு குத்தி நின்றது. அந்த நேரம் அலுமாரியைத் திறந்து யாரும் நிற்காதது அதிர்ஷ்டம்.

காரணம் எளியது. சீனி முழுதாக முடியாமல் அடைத்தால், மிச்சச் சீனியை ஈஸ்ட் போத்தலுக்குள்ளே தின்று சிஓ2 ஆக்கும். வெளியே போக வழி இல்லை. வழக்கமான பியரில் ஒரு பங்கு பியருக்கு 2.5 பங்கு சிஓ2 இருக்கும். கிராவிட்டி முடிவுக்கு வர இன்னும் 8 புள்ளி, அதாவது 0.008 மிச்சம் இருக்கும்போது அடைத்தால் அதற்கு மேலே இன்னும் கிட்டத்தட்ட 4 பங்கு சேரும். சாதாரணப் போத்தல் அதைத் தாங்கும் என்று நம்பவே முடியாது.

ஆகவே "அளக்காதே" என்பது என் கருத்து இல்லை. தேவையான அளவை எடு, தேவையில்லாததை விடு. எது தேவை என்று எப்படித் தெரியும்? அந்த எண்ணைக் கண்டு உங்கள் அடுத்த வேலை மாறுமா என்று கேளுங்கோ.

3 சாம்பிள் போதும்

இந்தக் கேள்வியால் சலித்துப் பார்த்தால் ஒரு வாளிக்கு 3 சாம்பிள்தான் மிஞ்சும்.

முதலாவது, ஈஸ்ட் போட முதல். தொடக்கக் கிராவிட்டி, உதாரணமாக 1.050. இதை வாளிக்குள் கைவிட்டு எடுக்கத் தேவையில்லை. பானையில் இருந்து வாளிக்கு ஊற்றும்போதே ஒரு கிளாஸில் பிடித்துவிடலாம். குறைவாக இருந்தால் மோல்ட் எக்ஸ்ட்ராக்ட் சேர்க்கலாம், கூடினால் கொதித்து ஆறிய தண்ணீர் சேர்க்கலாம். முடிவு மாறுகிறது, ஆகவே தேவை.

இரண்டாவது, ஏர்லாக்கில் குமிழி அடங்கி, இரண்டு கிழமை அளவில். 1.010 வந்ததா? வராமல் 1.020இல் நின்றுவிட்டால் வாளியைக் கொஞ்சம் சூடான இடத்துக்கு மாற்றலாம். இதுவும் தேவை.

மூன்றாவது, அதிலிருந்து 3 நாள் கழித்து. அதே எண் என்றால் போத்தலில் அடைக்கலாம். வேறு எண் என்றால் அடைக்கக் கூடாது. இது தேவை மட்டும் இல்லை, அலுமாரியைத் திறப்பவரின் கண்ணும் இதில்தான் இருக்கு. முதல் எண்ணில் இருந்து கடைசி எண்ணைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் அல்ககோல் சதவீதமும் கிடைக்கும்: 0.040 என்றால் 5.25.

நான் எடுத்த மற்ற அளவுகள் எல்லாம் என்ன? "ஓ, 1.031 ஆ" என்று தலையாட்ட மட்டும்.

ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு விலை இருக்கு, ஆகவே கொஞ்ச சாம்பிளில் இருந்து எவ்வளவு நம்பிக்கையோடு முடிவெடுக்கலாம் என்ற கேள்வியே ஒரு பியர் ஆலையில் இருந்து வந்ததுதான். கின்னஸில் வேலை செய்த வில்லியம் சீலி கோசெட், 1908இல் "ஸ்டூடென்ட்" என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில் இருந்துதான் நாங்கள் ஸ்டாட்ஸ் வகுப்பில் நித்திரை தூங்கிய டி டெஸ்ட் பிறந்தது. ஆலைக்காரருக்கு ஆயிரம் சாம்பிள் எடுக்கும் வசதி இருக்கவில்லை. இருக்கிற கொஞ்சத்தை ஒழுங்காக வாசிக்கப் பழகினார்கள்.

ஆவல் அடங்காதவர்களுக்கு, என் மாதிரியானவர்களுக்கு, ஒரு வழி இருக்கு. ஐஸ்பிண்டல் என்று ஒரு ஓபன் சோர்ஸ் கருவி. ஈஎஸ்பி8266 சிப், ஒரு ஜைரோஸ்கோப், ஒரு பேட்டரி, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள்ளே. வாளிக்குள் மிதக்கும். சீனி குறையக் குறைய அது மிதக்கும் சாய்வு மாறும். அந்தக் கோணத்தை வைஃபையால் அனுப்பும். கடையில் வாங்குவதென்றால் டில்ட் என்று ஒன்று ப்ளூடூத்தோடு வருகிறது. இரண்டும் கிருமி நீக்கி ஒரே ஒரு தரம் உள்ளே போனால் போதும். நுரையும் குமிழியும் ஒட்டினால் எண் பிழைக்கும், ஆகவே எண்ணை நம்பாதீர்கள், கோட்டை நம்புங்கள். கோடு தட்டையானால் ஹைட்ரோமீட்டரை எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எடுக்கிறதென்றால் ஒழுங்காக எடு

முதலில் கழுவுதல், பிறகு கிருமி நீக்கல். இரண்டும் ஒன்றில்லை. அழுக்கின் மேல் சானிடைசர் ஊற்றினால் சுத்தமான அழுக்குத்தான் மிஞ்சும். நான் ஸ்டார் சான் பாவிக்கிறேன்: 20 லீட்டர் தண்ணீருக்கு 30 மில்லிலீட்டர், சின்ன ஸ்ப்ரே போத்தலுக்கு லீட்டருக்கு 1.5 மில்லிலீட்டர். ஒன்றிரண்டு நிமிடம் நனைந்திருந்தால் போதும், திரும்பக் கழுவ வேண்டாம். மிஞ்சும் நுரைக்குப் பயப்படவும் வேண்டாம்.

குழாய் உள்ள வாளி என்றால், குழாயின் வாயை உள்ளேயும் வெளியேயும் ஸ்ப்ரே பண்ணிவிட்டு எடுங்கோ. எடுத்த பிறகும் பண்ணுங்கோ. வாயில் தேங்கிய நாலு துளி பியர்தான் அடுத்த தரத்துக்கான கிருமிக்கூடு. குழாய் இல்லாவிட்டால் மூடியை முழுக்கக் கழற்றாமல், ஏர்லாக் துவாரத்தால் நுழையும் மெல்லிய குழாயைப் பாவியுங்கோ. ஃபேனை நிறுத்துங்கோ. மோல்ட் அரைத்த அறையில் திறக்காதீங்கோ, அந்தத் தூசு முழுக்க லக்டோபாசிலஸ். அம்மாவின் தோசை மா பொங்கி நிற்கிற மேசையும் அதற்குரிய இடம் இல்லை.

ஹைட்ரோமீட்டரை வாசிக்க முதல் ஒரு சுழற்றுச் சுழற்றுங்கோ. குமிழி ஒட்டினால் அது மேலே தூக்கிப் பிழையான எண்ணைக் காட்டும். வாசித்த பிறகு அந்த 150 மில்லிலீட்டரை ஒருபோதும் திருப்பி ஊற்றாதீங்கோ. குடியுங்கோ. சூடாக, காஸ் இல்லாமல், அவ்வளவு சுகமாக இருக்காது. ஆனால் நாக்கு சொல்வதும் ஒரு அளவுதான். புளிப்பு வந்திருந்தால் ஹைட்ரோமீட்டருக்கு முதல் நாக்குக்குத்தான் தெரியும்.

ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கும் இதே கேள்விதான். ஒரு கிழமையில் இரண்டாவது வாளிக்கு மாற்ற வேண்டும் என்று பழைய கையேடுகள் சொல்லும். இரண்டு மூன்று கிழமையில் முடிகிற சாதாரண ஏலுக்கு அது தேவையே இல்லை. அடியில் இருக்கும் ஈஸ்ட் அதற்குள் ஒன்றும் செய்துவிடாது. மிகப் பாதுகாப்பான மாற்றம், செய்யாத மாற்றம்.

போத்தலில் அடைக்கும்போது மாற்றத்தான் வேண்டும். அப்போது நிதானமாகச் செய்யுங்கோ. சைஃபனை வாயால் உறிஞ்சித் தொடங்காதீங்கோ. பெட்ரோல் உறிஞ்சுகிற மாமாக்களின் வித்தை இங்கே சரிவராது, எங்கள் வாயே லக்டோபாசிலஸின் வீடு. கைப்பம்ப் உள்ள ஓட்டோ சைஃபன் விலை அதிகமில்லை. குழாயின் நுனி மறுபக்கத்தில் அடியைத் தொட்டு நிற்கட்டும், சலசலப்பு வரக் கூடாது. ஈஸ்ட் போட முதல் வோர்ட்டுக்குக் காற்று நல்லது, அதற்குப் பிறகு சத்தம் கேட்டால் பிழை. அடியில் கடைசி ஒரு லீட்டரை ஆசைப்படாமல் விட்டுவிடுங்கோ.

முட்டிக்குள்ளே சுண்ணாம்பு

இதெல்லாம் வெள்ளைக்காரரின் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா தொலைபேசியில் சிரித்தார். "கருப்பநீர் இறக்கிறதெண்டால் முட்டிக்குள்ள சுண்ணாம்பு தடவித்தான் கட்டுவினம். தடவாட்டில் கள்ளாகிப்போம்."

யோசித்துப் பார்த்தேன். பனம்பாளையில் இருந்து துளித்துளியாக விழும் இனிப்பு நீர், காற்றில் இருக்கும் ஈஸ்டாலும் பழைய முட்டியில் ஒட்டியிருக்கும் ஈஸ்டாலும் மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு பிஎச்சை மேலே தூக்கி அதை நிறுத்தும். நான் காசு கொடுத்து வாங்கும் ஸ்டார் சான் ஒரு அமிலம், பிஎச்சைக் கீழே தள்ளிக் கிருமியைக் கொல்லும். திசை வேறு, யோசனை ஒன்று: யார் உள்ளே வரலாம் என்பதைப் பாத்திரம் நிரம்ப முதல் முடிவு செய். பிஎச் என்ற சொல் பிறக்கும் முன்பே, பனை உச்சியில் ஏறி நின்று இதைச் செய்தவர்களை எங்கட ஊர் சாதி சொல்லிக் கீழே நிற்கவைத்தது. அவர்களின் அறிவை நான் இங்கே பெட்டியில் வாங்கி "சானிட்டேஷன் ப்ரோட்டோகோல்" என்று பெயர் வைத்திருக்கிறேன்.

வாளிக்குள் போவது கிருமி மட்டும் இல்லை, நல்லெண்ணமும் போகும். டவுன்டவுனில் ஸ்டார்ட்அப்காரர்கள் போய் வருகிற சென்டெக், முன்னர் டவ் கோளரங்கம். அதைக் கட்டித் தந்தது டவ் பியர் ஆலை. கோளரங்கம் திறந்த அதே 1966இல், கியூபெக் நகரில் டவ் பியரை அதிகம் குடித்தவர்கள் பலர் இதயத் தசை பழுதாகி வந்தார்கள், 15 பேருக்கு மேல் இறந்தார்கள். நுரை நிலைத்து நிற்க வேண்டும் என்று கோபோல்ட் உப்புச் சேர்த்ததை மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். கிளாஸ் கழுவும் புதிய சோப்பின் மிச்சம் நுரையைக் கொன்றது, அதைச் சரிக்கட்டத்தான் இந்தச் சேர்க்கை. ஆலை கியூபெக் நகர் உற்பத்தியை நிறுத்தி, பியரைக் கொட்டியது. பெயர் மீளவில்லை. என் 150 மில்லிலீட்டருக்கும் இதற்கும் அளவில் ஒப்பீடே இல்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றுக்குள் "சின்னதாக ஒன்று" போடும்போதெல்லாம் அந்தக் குவிமாடம் எனக்கு ஞாபகம் வருகிறது.

வேலையிலும் இதையே ஒரு தரம் செய்திருக்கிறேன். நல்லாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளரின் சேவையில், "எல்லாம் சரிதானா பாப்பம்" என்று லாக் அளவை முழுக்கத் திறந்துவிட்டேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. விடிய 2 மணிக்கு டிஸ்க் நிறைந்து சேவை விழுந்தது. நான் பார்க்கப் போகாவிட்டால் அது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். போன எபிசோட்டில் நான் சொல்ல வந்தது இதுதான்.

இந்த ஜூலை 1 வீடு மாறுகிறது நான். அலுமாரிக்குள்ளே 20 லீட்டர் இருக்கு. ஐஸ்பிண்டலின் கோடு முந்தநாளில் இருந்து தட்டை. தங்கச்சி திறந்து காட்டச் சொன்னாள், போனைக் காட்டினேன், முகத்தைச் சுளித்தாள். சனிக்கிழமை இரண்டாவது சாம்பிள், செவ்வாய்க்கிழமை மூன்றாவது. இரண்டும் ஒரே எண்ணென்றால் போத்தல். இல்லாவிட்டால், டெப்பனர் எங்கே இருக்கு என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் தேவையில்லாமல் திறந்து கெடுத்தது என்ன? வாளியோ, சேர்வரோ, அம்மாவின் ஊறுகாய்ப் போத்தலோ, எழுதி அனுப்புங்கோ. அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறேன்.

அதுவரைக்கும், மூடியில் கை வைக்க முதல் ஒரு தரம் யோசியுங்கோ.